முனை தேய்த்த கத்தி

மாயாண்டி செத்துப் போய் வருடங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், அவன் பெயரைச் சொன்னால், "யாரு, கத்தி மாயாண்டியா?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்கிறவன் வாயில் ஒன்று போடலாம் போல இருக்கும் எனக்கு. இரண்டு பேருக்குப் போட்டும் இருக்கிறேன்.

அன்றைக்குப் பொலிஸ் வந்து, இறைச்சிக்குள் கிடந்த கத்தியைக் காட்டி, "இது யாருடையது?" என்று கேட்டபோது, லயமே ஒன்றாக நின்று "மாயாண்டியோடது" என்றது. அது பொய்யில்லை. கத்தி அவனுடையதுதான். அதற்கு மேல் ஒரு சொல் யாரும் சொல்லவில்லை. அவன் எதற்கு அதை வாங்கினான், அன்றைக்கு அது யார் கையில் இருந்தது என்று சொல்ல ஒருத்தனுக்கும் நாக்கு எழவில்லை. கத்தியோடு திரிந்தான், கத்தியாலேயே போனான் என்று கதையை முடித்துவிட்டார்கள். நான் சொன்னது ஒரு ஆளின் பேச்சாகப் போயிற்று. அந்தக் கத்தியை ஹட்டனில் அவன் தேர்ந்தெடுத்தபோது பக்கத்தில் நின்றவன் நான். பெண் பார்க்கப் போகிறவன்கூட அவ்வளவு நேரம் பார்க்கமாட்டான்.

நான் கொழுந்து லொறி ஓட்டுகிறவன். மலையில் பறித்த கொழுந்தைச் சாக்குச் சாக்காக ஏற்றி ஃபெக்டரிக்குக் கொண்டுபோவது வேலை. மாயாண்டி என் லொறியில் சாக்கு ஏற்றி இறக்கினான். குட்டையான ஆள். கழுத்தும் தோளும் ஒன்றாக இருக்கும். மூக்கு இரண்டு இடத்தில் உடைந்து கோணியிருக்கும். ஒன்று அவன் அப்பன் உடைத்தது. மற்றது திருவிழாவில் தேர்வடம் பிடிக்கிற சண்டையில் உடைந்தது.

அப்பன் கசிப்பு குடித்துவிட்டு விறகுக் கட்டையால் அடிப்பான். மீசை முளைத்ததும் ஒரு நாள் மாயாண்டி அந்தக் கட்டையைப் பிடுங்கித் திருப்பி அடித்தான். அதற்குப் பிறகு அடிப்பது அவனுக்குச் சோறு தின்பது மாதிரி ஆகிவிட்டது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில், தன் அம்மாவைக் கெட்ட வார்த்தையில் ஏசிய கணக்கப்பிள்ளையின் முன்பல்லை எல்லோர் முன்னாலும் உதிர்த்தான். வேலை போனது. போனால் போகட்டும் என்று சிரித்தானாம்.

சண்முகவடிவைக் கட்டிய பிறகுதான் அவன் கை அடங்கியது. தோட்டத்தில் மறுபடி கவ்வாத்து வேலையும் கொடுத்தார்கள். அவள் அதட்டியும் நான் பார்த்ததில்லை, அழுதும் பார்த்ததில்லை. அவன் முகம் மாறினால் பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். மடியில் பிள்ளை இருந்தால் அவனால் எழும்ப முடியாது. அந்தப் பிள்ளைதான் தனுஜா.

தனுஜா சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே சண்முகவடிவு போய்விட்டாள். மலையில் கொழுந்து பறிக்கையில் குளவிக்கூடு கலைந்தது. மற்றப் பெண்கள் ஓடிவிட்டார்கள். அவள் கால் சறுக்கி, மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தாள். தூக்கி வந்தபோது முகத்தில் கண் எது, வாய் எது என்று தெரியவில்லை.

கருமாதி அன்றைக்கு அவளுடைய அண்ணன் ஜீவராஜ் குடித்துவிட்டு வந்தான். "தாய்மாமன் நான். புள்ள என் வீட்டுல வளரட்டும்" என்றான். கேட்பதற்கு நல்ல வார்த்தை. ஆனால் ஜீவராஜ் செய்கிற வேலை எல்லோருக்கும் தெரியும். லயத்துப் பெண் பிள்ளைகளைக் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பி, அதில் தின்கிறவன். அவன் அனுப்பிய பிள்ளை ஒன்று முதுகெல்லாம் அயன் பெட்டியால் சுட்ட தழும்போடு திரும்பி வந்தது. இன்னொன்று திரும்பியே வரவில்லை.

"புள்ள கைய விடு மச்சான்" என்றான் மாயாண்டி.

"விடாட்டி என்னடா பண்ணுவ? பொண்டாட்டியையே காப்பாத்த வக்கில்ல. நீ புள்ளைய காப்பாத்தப் போறியாக்கும்?"

வாசலில் தேயிலை மரத்தைக் கவ்வாத்து வெட்டுகிற கத்தி சாத்தியிருந்தது. அதை மாயாண்டி எடுத்ததை யாரும் பார்க்கவில்லை. ஜீவராஜின் வலது கையில் இரண்டு விரல் கீழே விழுந்ததைத்தான் பார்த்தார்கள். ஒரு கோழி வந்து கொத்திவிட்டுப் போனது.

கோர்ட்டில் தண்டனை விழுந்தது. கையில் பிள்ளை இருப்பதைப் பார்த்து அதை ஒத்திவைத்தார்கள். இனி ஒரு வெட்டு, ஒரு குத்து என்று கேஸ் வந்தால் பழையதும் புதியதும் சேர்த்து உள்ளே போகவேண்டும். மாயாண்டி உள்ளே போனால் தனுஜாவுக்கு வேறு சொந்தம் கிடையாது. தாய்மாமன் வீடுதான். மாயாண்டிக்கு உலகத்தில் இருந்த பயம் இது ஒன்றுதான். ஜீவராஜுக்கும் இது நன்றாகத் தெரியும்.

அன்றோடு மாயாண்டி இரும்பைத் தொடுவதை விட்டான். கவ்வாத்துக் கத்தியை ஸ்டோரில் ஒப்படைத்தான். வீட்டில் காய் அரிவது பிள்ளைதான். என் லொறியில் வந்து சேர்ந்த பிறகும் மழையில் ஊறி இறுகிய முடிச்சைப் பல்லால்தான் கடித்து இழுப்பான். ஒரு கடைவாய்ப் பல் அப்படியே போனது.

ஒரு மழை நாளில் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தோம். சாக்குகளைக் கட்டிய நைலோன் கயிறு அவிழ்ந்து பின் சில்லில் சிக்கிவிட்டது. மறு நுனி மேலே நின்ற மாயாண்டியின் முழங்கையில் சுற்றியிருந்தது. சில்லு கயிற்றைச் சுருட்ட, அவன் கையும் சேர்ந்து போனது. சத்தம் கேட்டு நான் பிரேக் போட்டு இறங்கிப் பார்த்தால், முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் உரிந்து கையுறை மாதிரி தொங்குகிறது. கயிற்றை அறுக்க ஒன்றும் இல்லை. அவன் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறான். ஒரு போத்தலைக் கல்லில் உடைத்து அந்தக் கண்ணாடியால்தான் அறுத்தேன்.

"கை ஆறினதும் ஒரு மடக்குக் கத்தி வாங்கு. இல்லாட்டி என் லொறியில ஏறாத" என்று சொல்லிவிட்டேன்.

"கத்தி வேணாம்ண்ணே."

"ஏன்டா, ஊர்ல எவன்டா கத்தி இல்லாம இருக்கான்? வெத்தல போடுற கெழவிகூட வச்சிருக்கு."

"அந்தக் கெழவி யாரையும் வெட்டலயே" என்றான்.

ஆனாலும் வந்தான். ஹட்டனில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், நடைபாதையில் படங்கு விரித்து ஒரு சிங்கள வியாபாரி கத்தி, அரிவாள், பூட்டு எல்லாம் பரப்பி வைத்திருப்பான். தமிழ் நன்றாகப் பேசுவான், தம்பி என்பதற்கு மட்டும் சிங்களத்தில் மல்லி என்பான். மாயாண்டியின் தோளைப் பார்த்துவிட்டு முதலில் பளபளவென்று ஒன்றை எடுத்தான். பொத்தானை அமத்தினால் அலகு பட்டென்று வெளியே வந்து பூட்டிக்கொள்ளும்.

"மல்லி, இது பாருங்க. ஒரு கை போதும்."

"ஒரு கையால தெறக்குறது வேணாம். ரெண்டு கையாலயும் தெறக்குற மாதிரி குடுங்க."

"ஏன்? அது சுணங்குமே."

"சுணங்கட்டும்."

அடுத்தது மாட்டுக்கொம்புப் பிடி போட்டது. அழகான சாமான். மாயாண்டி அலகைப் பாதி திறந்து விரலால் இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்தான். ஆணி ஆடியது. கீழே வைத்தான். இன்னொன்றைச் சூரியனுக்கு நேராகப் பிடித்து, அலகுக்கும் முதுகுப் பட்டைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தான். தெரிந்தது. அதையும் வைத்தான். கடைசியில் மூலையில் கிடந்த ஒன்றை எடுத்தான். மரப்பிடி, கறுத்த அலகு, அலகில் நகத்தை விட்டு இழுக்க ஒரு பள்ளம். கண்டிப் பக்கத்துக் கொல்லன் அடித்தது. இருந்ததிலேயே மலிவு. மூடும்போது டொக்கென்று கெட்டியாக ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை மூன்று நான்கு தடவை கேட்டான்.

"அது துரு புடிக்கும் மல்லி. உங்க ஊரு மழைக்கு நல்லா புடிக்கும்."

"புடிச்சா தேச்சுக்குறேன்" என்று சொல்லி, மாயாண்டி சட்டைப் பையிலிருந்து ஈரக் கயிற்றுத் துண்டு ஒன்றை எடுத்தான். வரும்போதே நனைத்துக்கொண்டு வந்திருக்கிறான். எனக்கே தெரியாது. கறுத்த அலகு ஒரே இழுப்பில் கயிற்றை அறுத்தது. பளபளத்ததை எடுத்து அதே கயிற்றில் வைத்தான். வழுக்கிக்கொண்டு போனது. வியாபாரி அதை எடுத்துத் துடைத்து ஓரமாக வைத்தான்.

"சரி, வாங்கிட்டுக் கெளம்பு" என்றேன் நான்.

"இருங்கண்ணே. முதலாளி, இந்த முனைய தேச்சு எடுத்துருங்க."

"முனையவா?"

"கூரா இருக்கக் கூடாது. வட்டமா வரணும்."

வியாபாரி என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். சாணைச் சக்கரத்தை மிதித்து முனையைத் தேய்த்தான். தீப்பொறி பறந்தது. மாயாண்டி விரலை வைத்து அமத்திப் பார்த்து, "இன்னும்" என்றான். மறுபடி தேய்த்தான். "இன்னும்" என்றான். பாண் துண்டில் பட்டர் பூசுகிற கத்தி மாதிரி ஆனதும்தான் விட்டான்.

"இது இனி கத்தி இல்ல மல்லி, கரண்டி" என்று சிரித்துக்கொண்டே நீட்டினான் வியாபாரி. மாயாண்டி கை நீட்டவில்லை. "கீழ வைங்க, எடுத்துக்குறேன்" என்றான். எங்கள் லயங்களில் கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்கமாட்டோம். கொடுத்தால் இரண்டு பேருக்கும் பகை என்பார்கள். ஒருவர் தரையில் வைக்க, மற்றவர் குனிந்து எடுத்துக்கொள்வார். அப்பனும் மகனும் என்றாலும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு அந்தக் கத்தி ஒரு நூலில் கட்டி எந்நேரமும் அவன் இடுப்பில் இருந்தது. கயிறு அறுத்தான், சாக்கு பிரித்தான், பாண் வெட்டினான், பாக்கு சீவினான். கொழுந்துச் சாறு பட்டுப் பட்டு அலகு இன்னும் கறுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றுக் கல்லில் உட்கார்ந்து தீட்டுவான். கை மயிரைச் சிரைத்துப் பார்ப்பான். முனை மட்டும் வட்டமாகவே இருந்தது.

ஜீவராஜ் சும்மா இருக்கவில்லை. வட்டவளை ஸ்டேசன் பாதையில் ஒரு நாள் இரண்டு ஆட்களோடு வந்து மாயாண்டியைச் சைக்கிள் சங்கிலியால் அடித்தான். நான் போய்ச் சேரும்போது மாயாண்டி தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமத்திக்கொண்டிருந்தான். சங்கிலி முதுகில் விழுகிறது. சட்டை கிழிந்து சதை தெரிகிறது. கத்தி இடுப்பில் மடங்கியபடி கிடக்கிறது. நான் லொறி ஹோனை அடித்துக்கொண்டு மேலே ஏற்றுகிற மாதிரி வந்ததும் மூன்று பேரும் ஓடினார்கள்.

"ஏன்டா மாடு மாதிரி வாங்கிக்கிட்டு இருக்க? திருப்பி ஒண்ணு குடுத்தா செத்தா போவான்?"

"அவன் சும்மா அடிக்கலண்ணே. கேஸ் கேக்குறான்" என்று வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பினான். "குடுக்க மாட்டேன்."

தனுஜா வளர்ந்து, கொட்டகலையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். சோதனை எழுதி முடித்து லயத்துக்கு வந்திருந்தாள். அந்த வருடத் தீபாவளி அப்படி வந்தது.

தீபாவளிக்கு லயத்தில் நாலைந்து வீடுகள் சேர்ந்து ஓர் ஆடு வாங்குவார்கள். காலையிலேயே அறுத்து, சாக்கு விரித்து, வீட்டுக்கு ஒன்றாகக் கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூறிலும் எலும்பு, கொழுப்பு, ஈரல் எல்லாம் சமமாக இருக்கவேண்டும். ஈரல் குறைந்தால் அன்றைக்கே சண்டை வரும். கூறு போடுகிற வேலை வீரய்யாவுடையது. அவருடைய பெரிய கத்தி ஈரலைத் துண்டு போடத் தோதுப்படவில்லை.

"மாயாண்டி, ஒன் கரண்டிய குடு பாப்போம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாயாண்டியும் சிரித்தான். நகத்தைப் பள்ளத்தில் விட்டு, இரண்டு கையாலும் அலகைத் திறந்து, வழக்கம்போல் சாக்கின் மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். வீரய்யாவின் கையெல்லாம் இரத்தம். துடைத்துவிட்டு எடுக்கலாம் என்று துணி தேடினார்.

அந்த நேரத்தில்தான் லயக் கோடியிலிருந்து தனுஜாவின் அலறல் வந்தது.

நான் மேலே பாதை வளைவில் லொறியை நிறுத்திக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் லயம் முழுவதும் தெரியும். ஜீவராஜ் பிள்ளையைச் சடையோடு பிடித்து இழுத்து வருகிறான். கையில் விறகுக் கட்டை. "வேன் வந்து நிக்குதுடி. நல்ல நாள்ல நல்ல வீட்டுக்குப் போகப் போற. என்னா ஒப்பாரி?" என்று கத்துகிறான். மாயாண்டி ஓடிப்போய் நடுவில் விழுந்தான். சடையைப் பிடித்த கையை மட்டும் பிரித்துவிட்டுப் பிள்ளையைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினான். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

கட்டை அவன் தலையில் விழுந்தது. தோளில் விழுந்தது. மறுபடி தலையில் விழுந்தது.

"அடிடா மாயாண்டி! நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் வாயிலடித்துக்கொண்டார்கள். ஒருத்தரும் கிட்டே போகவில்லை. ஜீவராஜிடம் வாங்கித் தின்னாதவன் அந்த லயத்தில் யார் இருந்தான்? நான் வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். தேயிலைக்குள் குறுக்கே விழுந்து ஓடினேன்.

மாயாண்டி தள்ளாடிப் பின்னால் போய் இறைச்சிக் கூறுகளின் மேல் விழுந்தான். தனுஜா அவனுக்கு அடியில் மாட்டிக்கொண்டாள். இறைச்சி நாலு பக்கமும் சிதறியது. பிள்ளையைப் பிடித்து இழுக்க ஜீவராஜ் குனிந்தபோது அவன் இடது கை கத்தியில் பட்டது. எடுத்து மாயாண்டியின் வயிற்றில் ஓங்கிக் குத்தினான். வட்ட முனை சட்டையைச் சுருட்டிக்கொண்டு வழுக்கியது. மறுபடி குத்தினான். உள்ளே இறங்கவில்லை.

அப்போது கூட்டத்துக்குள் யாரோ சிரித்தார்கள். சத்தியமாகச் சிரித்தார்கள். "அதுல முனை இல்லடா ஜீவராஜ்! இழுத்து அறுக்கணும்!" என்று ஒரு குரல் வந்தது. யார் என்று எனக்குத் தெரியும். பெயரை எழுதினால் அவன் பிள்ளைகளுக்குக் கேடு. அதனால் விடுகிறேன்.

ஜீவராஜ் கத்தியைத் திருப்பிப் பிடித்தான். மாயாண்டி குப்புறப் புரண்டு பிள்ளையை மூடிக்கொண்டான். தொடையின் உட்பக்கம், இடுப்புக்குச் சற்றுக் கீழே, அலகு ஒரே இழுப்பில் போனது. ஈரக் கயிற்றை அறுக்கிற அலகு அது. முனையைத் தேய்க்கச் சொன்னவன் விளிம்பை மழுக்கச் சொல்லியிருக்க முடியுமா? கயிறு அறுக்கத்தானே கத்தி.

நான் போய்ச் சேர்ந்ததும் ஸ்பேனரை வீசினேன். ஜீவராஜின் தோள்பட்டை எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தவனை மறுபடியும் அடித்தேன். வீரய்யா என் கையைப் பிடித்துத் தொங்கினார். "அவன விடு, இவனப் பாரு, இவனப் பாரு!" என்று அழுதார். பார்த்தேன். ஆட்டு இரத்தம் எது, அவன் இரத்தம் எது என்று தெரியவில்லை.

லொறியில் முன்பக்கம் தூக்கிப் போட்டோம். நடுவில் மாயாண்டி, கதவுப் பக்கம் தனுஜா. அவள் தாவணியைச் சுருட்டி அவன் தொடையில் வைத்து இரண்டு கையாலும் அமத்திக்கொண்டிருந்தாள். நான் கயிற்றால் தொடையை இறுக்கிக் கட்டினேன். கட்டிய இடம் வெட்டுக்கு மேலே ஏறவில்லை. வெட்டு அவ்வளவு மேலே இருந்தது. மழை தொடங்கியிருந்தது. வளைவுக்கு வளைவு லொறி ஆட, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தாவணி சிவந்தது. பிரேக்கை மிதிக்கும்போது என் செருப்பு வழுக்கியது.

"பேசாம வா. இந்தா வந்துருச்சு ஆஸ்பத்திரி" என்றேன்.

"அவன அடிச்சீங்களாண்ணே?"

"அடிச்சேன்."

"நான் அடிக்கலதானே?"

"இல்லடா. நீ கை வைக்கல. எல்லாரும் பாத்தாங்க."

அதைக் கேட்டதும் முகம் தெளிந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு திறந்து, "ஆஸ்பத்திரி வாசல்ல என்ன மட்டும் எறக்குங்க. இவ எறங்கக் கூடாது. நேரா கொட்டகலைக்கு விடுங்க. இவளுக்குப் படிச்சுக் குடுக்குற றோசலின் டீச்சர் வீட்டுல கொண்டுபோய் விடுங்க. அந்தம்மாகிட்ட நான் சொல்லி வச்சிருக்கேன்" என்றான்.

"நான் போக மாட்டேன்ப்பா. ஒங்க கூடத்தான் இருப்பேன்" என்றாள் தனுஜா.

அவளை அடிக்கக் கையை ஓங்கப் பார்த்தான். கை மடியிலிருந்து எழும்பவில்லை. உதடு வெளுத்துவிட்டது. என் பக்கம் தலையைச் சாய்த்தான். ஸ்டியரிங்கில் இருந்த என் கையில் அவன் நெற்றி முட்டியது.

"அண்ணே, அவன் ரெண்டு நாள்ல வெளிய வந்துருவான். நான் செத்தாலும் இவள லயத்துக்குக் கூட்டிட்டு வராதீங்க. எடுக்குற அன்னைக்கும் வேணாம். சாவு வீட்டுல மொத ஆளா தாய்மாமன்தான் வந்து நிப்பான். எல்லாருமா சேந்து இவ கைய அவன் கையில புடிச்சுக் குடுத்துருவாங்க. குழிக்கு மொத மண்ண நீங்க போடுங்கண்ணே. இவ வரக் கூடாது."